அடுப்படியில் பிறந்த இன்ஜின்

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது. சம்பா கதிர் பால் பிடிக்கிற சமயம். கடைமடைக்காரனுக்கு வருஷா வருஷம் வருகிற கதைதான். மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும். முறை வைத்து விடுவார்கள். தலைமடையில் பாய்ந்து, நடுமடையில் பாய்ந்து, எங்கள் ஊருக்கு வரும்போது வாய்க்காலின் அடியில் ஓடும். வயலோ ஒரு முழம் மேலே. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், வாய்மடை ஏறாது.

ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்தால் என்ன என்று நகரத்தில் இருக்கிற நண்பர்கள் கேட்பீர்கள். எங்கள் பக்கம் கடல் கிட்டக்க இருக்கிறது. கீழே இறக்கினால் உப்புத் தண்ணீர்தான் வரும். அதை நெல்லுக்கு விட்டால் விட்டவன் கதை முடிந்தது. எங்களுக்குத் தேவை வாய்க்கால் தண்ணீரை இரண்டு முழம் தூக்கிக் கொட்ட ஒரு சின்ன இன்ஜின். ஊரில் இரண்டு டீசல் இன்ஜின் வாடகைக்கு ஓடுகிறது. இரண்டுக்கும் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள்.

அப்போதுதான் கொட்டகையில் கிடந்த அப்பாவின் இன்ஜின் ஞாபகத்துக்கு வந்தது.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற ஒற்றை சிலிண்டர் இன்ஜின். கூடவே பம்பும் ஒரே சட்டத்தில் பூட்டியிருக்கும். இரண்டு பேர் மூங்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து போகலாம். கம்பெனித் தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது. அப்பா அதை செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்கினார். அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கடைசியாக ஓட்டியது நான்தான். ஓட்டிவிட்டு டேங்கில் இருந்த எண்ணெயை வடிக்காமல் அப்படியே தூக்கிப் போட்டேன். “டேங்க்கைக் காலி பண்ணாம படுக்கப் போகாதே”ன்னு அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். கயிற்றைச் சுற்றி இழுத்தேன், கயிறுதான் அறுந்தது. இன்ஜின் இறுகிப் போயிருந்தது.

பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகன் பக்கத்தில் நின்று பார்த்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. “புதுசு ஒண்ணு போன்லயே ஆர்டர் பண்ணிடலாம் மாமா. இதை எடைக்குப் போட்டுடுங்க”ன்னான்.

“புதுசு வந்து சேர ஒரு வாரம் ஆகும்டா. அதுக்குள்ள இதைப் பிரிச்சுப் பார்த்துடுவோம்”னேன்.

“வீட்லயேவா?”

அந்த “வீட்லயேவா”தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. ஏதோ ஆபரேஷனை அடுப்படியில் செய்யப் போகிற மாதிரி கேட்டான். உண்மையில் பெட்ரோல் இன்ஜின் பிறந்ததே வீட்டில்தான். அதிலும் ஒன்று பிறந்தது நிஜமாகவே அடுப்படியில். அந்த ஒரு வாரமும் ஒவ்வொரு சாமானாகக் கழற்றும்போது அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து அந்தத் துளை வழியாக ஊற்றி வைத்தோம். இறுகின இன்ஜினை முரட்டுத்தனமாகத் திருப்பக் கூடாது. ரிங் உடையும், ராடு வளையும். ஊறட்டும் என்று விட்டுவிட்டு போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணப் போய்விட்டோம்.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, இது எப்படி ஓடுகிறது என்று அவனுக்குச் சொன்னேன். காற்றும் எண்ணெய் ஆவியும் கலந்ததை உள்ளே இழுக்கும், அமுக்கும், பொறி வைத்து வெடிக்கும், புகையை வெளியே தள்ளும். நாலு வேலை, நாலு வீச்சு. இந்த முறையில் ஓடுகிற இன்ஜினை 1876-ல் ஜெர்மனியில் செய்து காட்டியவர் நிக்கோலாஸ் ஓட்டோ. அவர் காலேஜில் படித்த இன்ஜினியர் கிடையாது. டீ, சர்க்கரை, மளிகைச் சாமான் என்று ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்த விற்பனையாளர். அவருடைய இன்ஜின் ஓடியது பெட்ரோலில் இல்லை, தெருவிளக்குக்குக் குழாயில் வருகிற வாயுவில். நிமிஷத்துக்கு இருநூறு சுற்றுகூட வராது, ஆனால் கனம் யானைக் கனம். பட்டறையில் நிறுத்தி வைக்கலாம், வயலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அதைச் சின்னதாக்கினவர்கள் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும். டைம்லர் ஓட்டோவின் கம்பெனியில்தான் பெரிய பதவியில் இருந்தார். அங்கே ஒத்துப்போகாமல் 1882-ல் வெளியே வந்து, கான்ஸ்டாட் என்கிற ஊரில் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கினார். தோட்டத்தில் செடி வளர்க்கிற கண்ணாடிக் கொட்டகை இருந்தது. அதைப் பட்டறையாக்கி, ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ராப்பகலாக வேலை செய்தார்கள். உள்ளே டொக் டொக்கென்று இரும்புச் சத்தம். வீட்டுத் தோட்டக்காரருக்குச் சந்தேகம், இவர்கள் கள்ள நாணயம் அடிக்கிறார்களோ என்று. போலீசில் போய்ச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து பார்த்தால் உள்ளே இன்ஜின் சாமான்தான் கிடந்தது.

அந்தக் கொட்டகையில் இருந்து 1885-ல் வெளியே வந்த இன்ஜின் 264 சி.சி., அரை குதிரைச் சக்தி, நிமிஷத்துக்கு 600 சுற்று. சுற்று வேகம் கூடினால், அதே வேலையைச் சின்ன சிலிண்டர் செய்துவிடும். இன்றைக்கு ரெண்டு பேர் மூங்கில் போட்டுத் தூக்குகிற அளவுக்கு இன்ஜின் சிறுத்துப் போனதற்கு ஆரம்பம் அந்தச் செடிக் கொட்டகைதான்.

மறுநாள் பெரும் பொங்கல், கை வைக்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு இன்ஜினிடம் வந்தோம். தலையில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றினால் தட்டையாக ஒரு மூடி மாதிரி கையோடு வந்துவிட்டது. புதுசு பார்த்துப் பழகினவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தப் பழைய ரகத்தில் வால்வுகள் தலையில் இருக்காது, சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, கீழே இருந்து மேலே பார்த்த மாதிரி நிற்கும். சைடு வால்வு என்று பெயர். எண்ணெய் செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் மூடியைத் திறந்தால் பிஸ்டன், வால்வு, கரி எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மூன்று ஸ்பேனர் போதும்.

உள்ளே கரி அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஓடின இன்ஜினுக்கு அது இருக்கத்தான் செய்யும். இரும்பு வைத்துச் சுரண்டினால் அலுமினியம் கீறிப்போகும் என்பதால் மூங்கில் சிம்பைச் சீவிக் கொடுத்தேன். மருமகன் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து சுரண்டினான். புகை போகிற வால்வு திறந்த நிலையிலேயே பத்து வருஷம் நின்றிருக்கிறது. அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போய் ரிங்கும் சிலிண்டரும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊற வைத்ததால் துரு இளகியிருந்தது. பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டத் தட்ட, ஒரு நூல், ரெண்டு நூல் என்று இறங்கியது.

கழற்றின சாமானையெல்லாம் அம்மாவின் பழைய சேலையை விரித்து, எடுத்த வரிசைப்படியே வைத்தோம். இது அப்பா முறை. இடமிருந்து வலமாகக் கழற்று, வலமிருந்து இடமாகப் பூட்டு. அவர் படித்தது அஞ்சாம் வகுப்பு.

அப்பாவுக்கு இந்த இன்ஜின் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அப்போது சொந்த நிலம் கிடையாது, குத்தகைதான். குத்தகைக்காரன் பேரில் மின் இணைப்பு வாங்க வழியில்லை. 1990-ல் தமிழ்நாட்டில் விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தபோது ஊரே பேசியது. அப்பா பேசவில்லை. இணைப்பு இருக்கிறவனுக்குத்தானே இலவசம்? கம்பி வராத வயலுக்கு இந்த இன்ஜின்தான் மின்சாரம். ரேஷனில் போடுகிற மண்ணெண்ணெய் விளக்குக்கா இன்ஜினுக்கா என்று அம்மாவுக்கும் அவருக்கும் மாசா மாசம் சண்டை நடக்கும். நான் பாதி வீட்டுப்பாடத்தோடு இருட்டில் படுத்த நாள் உண்டு. ஆனால் எந்த வருஷமும் கதிர் காயவில்லை.

இன்ஜின் நின்றுபோனால் மெக்கானிக்குக் கொடுக்கக் காசு இருக்காது, டவுனுக்கு எடுத்துப் போக வண்டியும் இருக்காது. ராத்திரியே பிரித்து, விடியற்குள் பூட்டி ஓட்டியாக வேண்டும். அதனால் கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் அந்த இன்ஜினும் பிரித்துப் பார்க்க விட்டது.

அன்றைக்கு ராத்திரி அடுப்படிக் கதையைச் சொன்னேன். 1893 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் ராத்திரி. அமெரிக்காவில் டெட்ராய்ட் ஊரில் ஹென்றி ஃபோர்டு தன் வாடகை வீட்டுக்கு ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பலகைமேல் அவரே செய்த இன்ஜின். சிலிண்டருக்கு வாயுக் குழாய்த் துண்டு, சுழல்சக்கரத்துக்குப் பழைய கடைசல் மெஷினின் கைச்சக்கரம். அதை அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் பூட்டுகிறார். பொறிக்கு வீட்டு மின்விளக்கில் இருந்து கம்பி. மறுநாள் விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த மனைவி கிளாராவைக் கூப்பிட்டு, “நீ சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலை விடு” என்று நிறுத்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். பிறந்து ஏழு வாரமே ஆன பிள்ளை உள்ளே தூங்குகிறது. இன்ஜின் கிளம்பி, தொட்டியே ஆடியிருக்கிறது. கார் கம்பெனியெல்லாம் அப்புறம்தான்.

“அத்தை விடுவாங்களா மாமா?”ன்னு கேட்டான். உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது, “முதல்ல சேலையில ஆயில் சிந்தாம பாருங்க”.

காணும் பொங்கலன்று கார்ப்பரேட்டர். பத்து வருஷம் நின்ற பெட்ரோல் வற்றி, மஞ்சள் பிசினாக ஒட்டிக் கிடந்தது. மிதவையைக் கழற்றி, ஜெட் என்கிற மயிரிழைத் துளையுள்ள பித்தளைத் திருகைப் பெட்ரோலில் ஊறப்போட்டோம். அதைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மெத்தென்று இருக்கும், துளை பெருத்துவிட்டால் எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிடும். விளக்குமாற்று நாரில் மெல்லியதாக ஒன்றைப் பார்த்து விட்டு, வாயால் ஊதினால் போதும்.

எண்ணெய்க் குழாயில் அடைப்பு எடுக்கிற இந்த வேலைக்கு ஒரு முன்னோர் உண்டு, அவர் ஒரு பெண். பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் செய்த மூன்று சக்கர வண்டியில் ரெண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமில் இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அடைப்பைக் குத்தி எடுத்தார். ஒரு கம்பியில் மின்கசிவு, காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைக்கிறவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். எண்ணெய் தீர்ந்தபோது வீஸ்லாக் ஊர் மருந்துக் கடையில் கறை நீக்குகிற திரவம் வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் நெடும்பயணம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால், இன்ஜினை நடுவழியில் கையில் கிடைத்ததை வைத்துச் சரிபண்ணலாம் என்று உலகத்துக்குக் காட்டின பயணமும் அதுதான்.

அடுத்தது பொறி. இதில் பேட்டரி கிடையாது. சுழல்சக்கரத்தில் காந்தம் பதித்திருக்கும். அது காயிலைத் தாண்டி ஓடும்போது காயிலில் மின்சாரம் பிறக்கும். அந்த நேரம் பார்த்து ‘பாயிண்ட்’ என்கிற ரெண்டு குமிழும் பிரிந்தால், மின்சாரம் சட்டென்று அறுபட்டு, பிளக் நுனியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பாயும். ராபர்ட் பாஷ் 1887-ல் நிலையான இன்ஜின்களுக்கு மேக்னெட்டோ செய்தார். அவர் பட்டறையில் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்டு 1902-ல் அதை உயர் மின்னழுத்த மேக்னெட்டோவாக்கி, பிளக்கோடு சேர்த்தார். பேட்டரியே இல்லாமல் நட்ட நடு வயலில் கயிற்றை இழுத்தால் இன்ஜின் கிளம்புவது அதனால்தான்.

பாயிண்ட் கறுத்துக் கிடந்தது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தோம். பிரியும்போது இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கும்படி திருகினோம். கண்டன்சர் மட்டும் புதுசு போட்டோம். பிளக்கை இன்ஜின் உடம்பில் தொட வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். கொட்டகை இருட்டில் நீலமாக ஒரு பொறி. மருமகன் போனைக் கீழே வைத்துவிட்டான். “இன்னொரு வாட்டி சுத்துங்க மாமா”ன்னான்.

பிறகு ரிங். பிஸ்டனைச் சுற்றி வாய் பிளந்த வளையம், விரிந்து சிலிண்டர் சுவரை அணைத்துக்கொண்டு நிற்கும். இதைக் கண்டுபிடித்தவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்கிற ஆங்கிலேய ரயில்வே இன்ஜினியர், 1850களில், நீராவி இன்ஜினுக்காக. அதுவரைக்கும் பிஸ்டனைச் சுற்றிச் சணல் கயிறுகூடச் சுற்றியிருக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜின் பிறக்கும் முன்னமே அதற்கான ரிங் தயாராக இருந்தது.

எங்கள் ரிங்கில் ரெண்டு உடைந்திருந்தது. தஞ்சாவூரில் பழைய இன்ஜின் சாமான் விற்கிற கடையில் பழசைக் காட்டிப் புதுசு வாங்கி வந்தோம். பூட்டுவதற்கு முன் டவுனில் பட்டறை வைத்திருந்த அண்ணனைக் கூட்டி வந்தேன். எழுபது தாண்டிவிட்டது, பட்டறையை மூடிவிட்டார். அப்பாவுக்கு முதல் பாடம் சொன்னவர்.

அவர் புது ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஃபீலர் தகட்டை விட்டுப் பார்த்தார். 0.3 மில்லிமீட்டர் சுற்றி இருக்க வேண்டியது 0.7 காட்டியது. “சிலிண்டர் ஒரு பங்கு தேஞ்சா ரிங் வாய் மூணு பங்கு தெறக்கும் தம்பி. வட்டம்ல?”ன்னார். மருமகன் நிமிர்ந்து பார்த்தான். விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு. அந்த மூணு பங்கு அதுதான். கூடுதலாகத் திறந்த 0.4-ஐ அதால் வகுத்தால் சிலிண்டர் தேய்மானம் சுமார் 0.13 மில்லிமீட்டர். பெரிய அளவுக்கருவி இல்லாமலே கணக்கு முடிந்துவிட்டது. “ஓடும். கொஞ்சம் பொகை விடும். அறுப்பு முடிஞ்சதும் பட்டறையில குடுத்து சிலிண்டரைக் கடைஞ்சு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடு”ன்னார்.

வால்வுக்கு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, கையால் அரைத்து அரைத்து, உட்காருகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் முழு வட்டம் விழும்வரை விடவில்லை அண்ணன். கேஸ்கட் அட்டையை இன்ஜின் விளிம்பில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் மெல்லத் தட்டியே வெட்டி எடுத்தார். ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் மூன்று திசையில் வைத்தார். கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, கேம் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி. ரெண்டும் நேருக்கு நேர் சேர வேண்டும். ஒரு பல் தவறினாலும் வால்வு தப்பான நேரத்தில் திறக்கும். சின்ன வயதில் நான் அப்படித் தப்பாகப் பூட்டி, ராத்திரி முழுக்க அப்பா கயிறு இழுத்திருக்கிறார். விடியற்காலையில் திரும்பப் பிரித்தவர், என்னைத் திட்டாமல் அந்தப் புள்ளியைக் காட்டினார்.

பிரித்துப் பார்த்துப் படிப்பதில் நம் ஊர்ப் பெரிய ஆள் ஜி.டி. நாயுடு. ஃபோர்டு அடுப்படியில் இன்ஜின் ஓட்டின அதே 1893-ல் கோவை பக்கம் கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு ஒட்டவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து வண்டியை வாங்கினார். வாங்கினதும் செய்த முதல் காரியம், ஒவ்வொரு சாமானாகப் பிரித்துத் திரும்பப் பூட்டியதுதான். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ் விட்டு ஆரம்பித்து, பிறகு கோவையின் தொழில் வளர்ச்சியிலேயே முக்கியமான பெயர் ஆனார்.

சின்ன இன்ஜின் நம் வயலுக்கு வந்த கதைக்கு ஒரு கிளை சென்னையில் இருக்கிறது. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் ஊரில் 1898-ல் சைக்கிள் பெடல் செய்ய ஆரம்பித்த கம்பெனி வில்லியர்ஸ். 1912-ல் இன்ஜினுக்கு வந்தது. 1956-க்குள் இருபது லட்சம் இன்ஜின் செய்துவிட்டது. புல்லட் வண்டி செய்வதற்காக 1955-ல் தொடங்கின என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, அந்த வில்லியர்ஸ் இன்ஜின்களையும் இங்கே உரிமம் வாங்கிச் செய்தது. மார்க் 12, மார்க் 25 என்று சைடு வால்வு இன்ஜின்கள். பின்னாளில் எம்.கே. 12, எம்.கே. 25 என்று கிரீவ்ஸ் பெயரிலும் வந்தன. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வழக்கம் அதற்கும் பழசு. 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரே அப்படித்தான் ஓடியது.

ஏழைக்கு இன்ஜின் போய்ச் சேர்ந்த கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான் கதை. 1946, போரில் தோற்று ஊரெல்லாம் சாம்பல். பஸ், ரயிலில் இடம் கிடையாது. அரிசி தேடி ஜனங்கள் சைக்கிளில் கிராமத்துக்கு அலைகிறார்கள். ஹமமாட்சு ஊரில் சொய்ச்சிரோ ஹோண்டா என்பவர், ராணுவ ரேடியோவுக்கு மின்சாரம் தர வைத்திருந்த குட்டி இன்ஜின் ஒன்றைப் பார்க்கிறார். அதைக் கழற்றிச் சைக்கிளில் பூட்டினார். பெட்ரோல் டேங்க்குக்கு, குளிரில் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவை. ஓட்டிப் பார்த்துச் சொன்னவர் மனைவி சாச்சி. சுமார் ஐந்நூறு இன்ஜின் கிடைத்தது, ஒவ்வொன்றையும் பிரித்துச் சரிபண்ணிப் பூட்டி விற்றார். அது தீர்ந்த பிறகுதான் 1947-ல் சொந்த இன்ஜின், 1948-ல் ஹோண்டா மோட்டார் கம்பெனி. அத்தனை பெரிய கம்பெனியின் முதல் தொழில் பழைய இன்ஜின் ரிப்பேர்.

தோட்டக் கொட்டகை, அடுப்படி, ஓட்டல் சர்வரின் அறை, எங்கள் திண்ணை. இந்த இடங்களை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. சின்ன இன்ஜின் சின்ன மனுஷனுக்கு வந்து சேர்ந்தது விலை மலிவு என்பதால் மட்டும் இல்லை. அவன் அதைத் தானே திறக்கலாம், தப்புப் பண்ணலாம், மறுபடி திறக்கலாம் என்பதால். இப்போது வருகிற பல சாமான்களில் போல்ட்டே கிடையாது, ஒட்டிவிடுகிறார்கள். கெட்டால் மாற்று என்கிறார்கள். மாற்றக் காசு இருக்கிறவனுக்கு அது சரி. அப்பா மாதிரி ஆளுக்கு, திறக்க முடியாத சாமான் என்றால் கதிர் காயும், அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். மருமகன் லீவு முடிந்தும் போகவில்லை, வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டான். இன்ஜினை ரெண்டு பேரும் மூங்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனோம். சமமாக உட்கார வைத்தேன். இந்த ரகத்தில் ராடு அடியில் இருக்கிற கரண்டிதான் ஆயிலை வாரி இறைக்கும், சாய்ந்து நின்றால் ஆயில் கிடைக்காது. ஃபுட் வால்வைத் தண்ணீரில் இறக்கி, பம்பில் நாலு குடம் ஊற்றி நிரப்பினோம். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவதில் இருமியது. ஆறாவதில் பிடித்துக்கொண்டது.

அண்ணன் சொன்ன மாதிரியே புகை விட்டது. குழாய் வாயில் முதலில் காற்று, அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர். ரேஷன் மண்ணெண்ணெய் இப்போது ஏது? முழுக்கப் பெட்ரோலிலேயே ஓட்டினோம். ரெண்டு ராத்திரி ஓடி, ஒன்றரை ஏக்கருக்கு ஈரம் காட்டியது. மேட்டுப் பக்கம் ஒரு கால் ஏக்கருக்கு ஏறவில்லை. அதற்குள் வாய்க்காலும் வற்றிவிட்டது. அந்தக் கால் ஏக்கரில் பதர் கூடத்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் புல்வெட்டியோ, ஜெனரேட்டரோ, அப்பா ஓட்டின பழைய ஸ்கூட்டரோ சும்மா நின்றால் ஒரு விஷயம். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை வடித்து, கார்ப்பரேட்டரில் இருக்கிற எண்ணெய் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பிளக்கைப் போடுங்கள். அழுத்தம் தட்டுகிற இடத்தில் நிறுத்தினால் ரெண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று போகாது.

இந்தத் தடவை அதை நான் செய்தேன். மருமகன் டார்ச் அடித்துக்கொண்டு நின்றான். ஊருக்குக் கிளம்பும்போது உடைந்த ரிங் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். அறுப்பு முடிந்ததும் சிலிண்டர் கடைய வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.